அக்காவின் படத்துக்குப் பசை

பசை என்றால் ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சரிவராது. கடதாசி, துணி, மண், கம்பி என்று கண்டதையும் வெட்டி மட்டையில் ஒட்டிப் படம் செய்கிறவள் நான். யாழ்ப்பாணத்து வெக்கையிலும் மாரி ஈரத்திலும் ஒட்டியது ஒட்டியபடி இருக்க வேண்டுமென்றால் எதற்கு எது என்று பார்த்துத்தான் பூச வேண்டும். கோதம்பை மாவைக் காய்ச்சிய பசை மெல்லிய கடதாசிக்குத் திறம், ஆனால் துருசு கலக்காவிட்டால் பூச்சி படத்தையே தின்று முடித்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குளூ ஸ்டிக் சித்திரை வெயிலுக்கு ஓரம் ஓரமாகக் கிளம்பும். சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசனோ நாள்போகக் கடதாசியை ஊடுருவி மண்ணிறமாக வெளியே வந்து நிற்கும். வெள்ளைப் பைண்டர் கம் துணிக்கும் மண்ணுக்கும் நல்லது, மெல்லிய தாளில் பூசினால் அப்பளம் மாதிரிப் பொங்கும். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் அக்கா, "ஓமோம், பெரிய வைத்தியம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அத்தான் செத்த பிறகு உரும்பிராய் வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையுமில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு மகள். அவள் குருநகரில் ஒரு கடற்தொழில் செய்யும் வேதக்காரப் பையனை விரும்பி மாதா கோயிலில் கலியாணம் முடித்துக்கொண்டாள். முடித்த கையோடு இரண்டு பேரும் ஆசீர்வாதம் கேட்டு வந்தபோது, ஒழுங்கை முழுக்கக் கேட்க அக்கா கேற்றடியில் நின்று கத்தினாள்.

"என்ரை செத்தவீட்டுக்கும் நீ இந்தப் படியிலை கால் வைக்கப்படாது!"

அன்றைக்குப் போன பிள்ளைதான். குருநகர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அக்கா அந்தப் பக்கமே போகாமல் வருசக்கணக்காக இருந்தாள். பேரன் பிறந்த செய்தி வந்தபோதும் கிணற்றடியில் போய் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். தேவையில்லாமல் வாளி வாளியாக அள்ளி வாழைக்கு ஊற்றினாள். அப்படியொரு வீம்பு. எனக்கும் வாய் சும்மா இராது, எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். கேட்டால்தானே.

பிறகு அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்தால் மூன்று நாலு நாளுக்கு ஒன்றும் உள்ளே இறங்காது. தலைமயிர் கொட்டி, கன்னம் ஒட்டி, என் அக்காவை நானே சில நேரம் ஆரோ என்று பார்த்துவிட்டுத் திடுக்கிடுவேன். அப்படி இருந்த ஒரு பின்னேரம்தான், நான் மேசையில் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"எடி, எனக்கும் ஒண்டு செய்யக் காட்டித் தருவியே?"

"என்னது?"

"உந்தப் படம்தான். எங்கடை வீடு. அவளுக்குக் குடுக்கோணும்."

எவளுக்கு என்று நான் கேட்கவில்லை. "ஏன், ஒரு போன் எடுத்து வா பிள்ளை எண்டு சொன்னால் என்ன? ஓடி வருவாளே" என்றுதான் கேட்டேன்.

"வாயாலை விரட்டினனான். இப்ப அதே வாயாலை எப்பிடியடி கூப்பிடுறது? படத்தைக் கொண்டுபோய்க் குடு. பார்த்தாலே விளங்கும்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மூட்டு மூட்டாகத் தெரிந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் படத்துக்குப் பசை தேடியதுதான் பெரும்பாடு. மருந்து ஏற்றின உடம்புக்கு மணம் என்றாலே ஆகாது. மாப் பசையைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தேன், "கோதாரி, உதை அங்காலை கொண்டு போ" என்று சத்தி எடுத்தாள். சொலூசன் போத்தலின் மூடியைத் திறக்க முதலே தலையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பைண்டர் கம்மைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். அதன் மணத்தை மட்டும் அவளால் பொறுக்க முடிந்தது. எனக்குத் தெரிந்த சாத்திரமெல்லாம் அவளுடைய மூக்குக்கு முன்னால் எடுபடவில்லை.

ஆனாலும் நன்றாகத்தான் செய்தாள், பொய் சொல்லக்கூடாது. கூறைச் சேலையின் கரையில் ஒரு துண்டை வெட்டி வாசல் வைத்தாள். பழைய கலண்டர் தாள்களைக் கிழித்து ஓடு போட்டாள். முற்றத்துக்கு நான் எங்கள் வளவுச் செம்மண்ணை அரித்துக் கொடுக்க, கம்மைத் தடிப்பாகப் பூசி அதன்மேல் தூவினாள். ஒரு நாளில் ஒரு கைப்பிடி அளவு இடம்தான் அவளால் ஒட்ட முடியும். பிறகு களைத்துச் சாய்ந்துவிடுவாள்.

ஈரம் பட்ட மட்டை காயும்போது வளையும். அதைத் தட்டையாக வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். நான் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தேன், மட்டை பெரியது, போதவில்லை. அக்காதான் சொன்னாள், எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தன் மெத்தைக்குக் கீழே கட்டில் பலகையில் வைக்கச் சொல்லி.

"முந்தியெண்டால் நல்ல பாரமாய் இருந்தனான். இப்ப எனக்கு மேலை அம்மியையும் தூக்கி வைக்கோணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வீடு முடிந்த பிறகு ஆட்களை ஒட்ட வேண்டியிருந்தது. ஸ்ரூடியோவில் எடுத்த ஒரு பழைய கலர்ப் படம் இருந்தது. அத்தான், அக்கா, நடுவில் ஐந்து வயதுப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு. ஒரு மாரியில் கூரை ஒழுகி நனைந்து, நிறமெல்லாம் மேலே வெடித்திருந்த படம். கடையில் கொப்பி எடுத்து அதை ஒட்டுவம் என்று நான் சொன்னேன். "கொப்பிப் பிள்ளையையோ ஒட்டுறது?" என்று சீறினாள். தானே கத்தரிக்கோலை வாங்கி மூன்று பேரையும் தனித்தனியாக வெட்டினாள். பிள்ளையை வெட்டத்தான் நீண்ட நேரம் எடுத்தாள். சட்டையின் சுருக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதலில் அத்தானை ஒட்டினாள். தண்ணீர் கலந்த கம் உள்ளே ஊற, படத்தின் மேல்தோல் கொப்புளித்து, சேட்டின் சிவப்பு முகத்தில் பரவிவிட்டது. நான் ஐயோ என்றேன். அக்கா தன்னையும் எடுத்து ஒட்டினாள். அவளுடைய முகமும் அப்படித்தான் போனது.

"எங்கள் ரெண்டு பேருக்கும் இனி முகம் என்னத்துக்கு?" என்றாள். பிறகு பிள்ளையின் துண்டை என்னிடம் நீட்டினாள். "இவளுக்குத் திறமான பசை எடு. ஈரமில்லாதது. மற்றதெல்லாம் கழண்டு விழுந்தாலும் பறவாயில்லை, இவள் கழரப்படாது."

ஈரமில்லாத பசை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டும் மெல்லிய தாள், படங்களுக்கென்றே செய்தது. யாழ்ப்பாணத்தில் கிடைப்பது மட்டைப் பெட்டி ஒட்டுகிற ரேப், அது வெக்கைக்கு உருகி மஞ்சளாகிவிடும். கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தேன். வாத்தியாரம்மா மாதிரி அக்கா தினமும் கேட்டாள், "வந்திட்டுதோ?" இன்னும் வரவில்லை என்பேன். "அப்ப காத்திருப்பம்" என்பாள். அத்தானுக்கும் அக்காவுக்கும் நடுவே, கிணற்றுக்குப் பக்கத்தில், அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. மட்டை திரும்ப மெத்தைக்குக் கீழே போனது, பிள்ளையின் துண்டு என் அலுமாரிக்குள் போனது.

தாள் வர முந்தி அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அம்புலன்ஸில் கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, விடிய ஆறு மணி போல முடிந்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பசை வந்திட்டுதோ என்றுகூட அவள் கேட்கவில்லை. சும்மா நின்றுபோன மணிக்கூடு மாதிரி.

நான் அங்கே மரணப் பத்திரம், சவப்பெட்டி என்று அலைந்துகொண்டிருந்தபோது, வீட்டில் அத்தானின் தமக்கை, எனக்கு மச்சாள் முறை, வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துவிட்டா. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வருத்தத்தில் கிடந்து செத்த ஆளின் படுக்கையை வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள், பிரேதம் வந்து சேர முதல் எடுத்து எரித்துவிடுவார்கள். மச்சாள் ஆளைப் பிடித்து மெத்தை, தலையணை, கட்டிலில் கிடந்தது எல்லாவற்றையும் பின்வேலியடிக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றுவித்திருக்கிறா. நான் பெட்டியோடு வந்து இறங்கும்போது புகை மட்டும்தான் மிச்சம்.

"கட்டிலிலை ஒரு மட்டை இருந்ததே?" என்று கேட்டேன்.

"ஓம், பலகை தாழ்ந்ததுக்கு முண்டு குடுத்து வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். அதையும் சேர்த்துப் போட்டாச்சு. எண்ணெய்க் கடதாசியெல்லே, நல்லாய்ப் பத்திச்சுது."

நான் கத்தினேன். அப்படி என் வாழ்நாளில் கத்தியதில்லை. வந்திருந்த சனமெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டு, "தமக்கையிலை எவ்வளவு பாசம் பாருங்கோ" என்று தாங்களும் சேர்ந்து அழுதார்கள். விசர்ச் சனங்கள். மச்சாளும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அவவின் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தக் கையை உதறினேன்.

மகள் செத்தவீட்டுக்கு வரவில்லை. நான்தான் போனில் அறிவித்தேன், வா என்றும் சொன்னேன். "அம்மா வரப்படாது எண்டு சொன்னவ சித்தி" என்று அழுதுகொண்டு வைத்துவிட்டாள். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து சனமெல்லாம் போன அடுத்த நாள் தனியே வந்தாள். கேற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றவளை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினேன்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். வாசல், ஓடு, செம்மண், அத்தானையும் தன்னையும் அக்கா ஒட்டியது எல்லாம் சொன்னேன். எரிந்த கதையையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதிலை நான் இருந்தனானோ?"

நான் போய் அலுமாரியில் இருந்த துண்டை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பிள்ளை, சுற்றிவரக் கத்தரிக்கோலால் வெட்டினபடி. அதைப் பார்த்த அவளின் முகம் மாறியபோதுதான், நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

"என்னை வெட்டி எடுத்திருக்கிறா" என்றாள்.

"இல்லையடி! உன்னை நடுவிலை ஒட்டத்தான் வெட்டினவ."

"அப்ப அப்பாவையும் தன்னையும் ஒட்டின அம்மா என்னை மட்டும் ஏன் ஒட்டேல்லை?"

"பசை வரேல்லை பிள்ளை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஆறுதலுக்குப் பொய் சொல்லாதேங்கோ சித்தி."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பொய்யோ? செலவு நாளில்தான் பார்சல் வந்திருந்தது. உடைக்காமலே கிடந்ததைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் உடைத்தேன். தாளைக் காட்டினேன். ஈரம் பட்டால் என்ன நடக்கும், அத்தானின் முகம் எப்படிப் போனது, மற்றதெல்லாம் கழண்டாலும் அவள் கழரக்கூடாது என்று அக்கா சொன்னது, ஒவ்வொரு நாளும் வந்திட்டுதோ வந்திட்டுதோ என்று கேட்டது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். நம்பிவிட்டாள் என்று அவள் அழுத விதத்திலேயே தெரிந்தது.

அழுது ஓய்ந்த பிறகு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவ்வளவு நாளும் அம்மா நல்லாய்க் கதைச்சுக்கொண்டுதானே சித்தி இருந்தவ. என்ரை நம்பரும் உங்களிட்டை இருந்தது."

நான் தாளை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தேன். அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், பாதி குடித்தாள். பேரனின் படத்தைப் போனில் காட்டினாள், அக்காவின் நெற்றி அப்படியே. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். பிள்ளையின் துண்டை எடுத்து ஒருதரம் பார்த்தாள், பிறகு மேசையிலேயே வைத்துவிட்டு, "போட்டு வாறன் சித்தி" என்று சொல்லிப் போனாள்.