அம்மன் படத்துக்குப் பின்னால் என் கண்

நான் போட்டு ஓனர். ஆனால் கடலுக்குள் போனால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். மாமனார் தன் மகளையும் காசிமேட்டில் ஒரு விசைப்படகையும் சேர்த்தே எனக்குக் கொடுத்தார். இரண்டுமே இதுவரை என் பேச்சைக் கேட்டதில்லை.

கரையிலேயே நிற்கும் ஓனருக்கு ஒரே வேலை, சந்தேகப்படுவது. அதில் நான் கெட்டிக்காரன். மீன் நிறையக் கிடைக்கும் இடங்களை எங்கள் டிரைவர் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருப்பார். பாயிண்ட் என்போம். பக்கத்துப் போட்டுக்கு அது தெரியவே கூடாது. ஆனால் தொடர்ந்து மூன்று தடவை, எங்கள் போட்டு போய்ச் சேர்வதற்குள் வேறொரு போட்டு அங்கே வலை போட்டுக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து யாரோ சொல்கிறார்கள்.

டிரைவர்தான் என்று முடிவு கட்டினேன். மாமனார் காலத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாத்த என்பேன், அவர் என்னை நைனா என்பார். இவ்வளவு மரியாதை காட்டுபவரை விட்டுவிட்டு வேறு யாரைச் சந்தேகப்படுவது?

பர்மா பஜாரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா வாங்கினேன். பேச்சையும் பதியும். விற்றவர் நன்மைகளை அடுக்கினார்: திருடன் மாட்டுவான், ஆள் ஏமாற்ற மாட்டான், நிம்மதியாகத் தூங்கலாம். தீமை ஏதும் உண்டா என்று கேட்டேன். சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும் என்றார்.

அதற்கும் வழி இருந்தது. டிரைவர் கேபினில் அம்மன் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு ஓயாமல் எரியும். அந்த வயரிலேயே இணைத்து, பிளாஸ்டிக் மாலைக்குள் கேமராவைச் செருகினேன். எட்டுப் பேர் படுப்பதும், உடை மாற்றுவதும், கும்பிடுவதும் அந்தக் கேபினில்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. யாராவது கேட்டிருந்தால், என் போட்டுதானே என்றிருப்பேன்.

பத்து நாள் கழித்துப் போட்டு திரும்பியதும், அம்மனைத் துடைக்கிற சாக்கில் ஏறி மெமரி கார்டை உருவினேன். ஓனருக்குத் திடீர் பக்தி வந்ததில் ஆட்களுக்குச் சந்தோஷம். கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததில் என் மனைவிக்குச் சந்தேகம்.

படத்தில் முதலில் வந்தது நான். கேமராவைப் பொருத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டு எர்ணாவூர் தோஸ்துக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தேன். “இந்தத் தபா நம்ம போட்டு எங்க போவுது தெரியுமா மாமு?” திசை, தூரம், ஆழம், ஒன்று விடாமல் சொன்னேன். அந்தத் தோஸ்துக்கும் ஒரு போட்டு உண்டு. ஆக, திருடன் மாட்டினான். அவன் மூஞ்சியை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததேயில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்து நாள் படம் கையில் இருக்கும்போது எவன் நிறுத்துவான்? ஐந்தாம் நாள் காலையில் டிரைவர் வந்து கற்பூரம் ஏற்றினார். அம்மனைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, பேசினார்.

“தாயே, ரெண்டு கண்ணுலயும் பொக மாறி கீது. ஜிபிஎஸ்ல நம்பரே தெரில. நேத்து கிட்டக்கப் போனப்பறந்தான் அது கப்பலுன்னு தெரிஞ்சுது. ஓனருக்குத் தெரிஞ்சா எறக்கி வுட்ருவான். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிக் குடுத்துடு.”

நேரில் நைனா, அம்மனிடம் நான் ‘அவன்’. அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. ஆறு நாளில் போட்டு மறுபடி கிளம்ப வேண்டும். பார்வை மங்கியவர் கையில் எட்டு உயிர். நான் சொன்னால் ஒளிந்து பார்த்தது வெளியே வரும். அவர் வேலையும் போகும்.

குறுக்கு வழி தேடினேன். எல்லாரும் கண் பரிசோதனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள். டிரைவருக்கு மட்டும் அன்றைக்கென்று வலை தைக்கிற வேலை வந்துவிட்டது. வீட்டில் என் முழியைப் பார்த்தே மனைவி எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

“சாமியாண்ட பேசுனத ஒட்டுக் கேட்டுட்டு இப்ப வாய மூடினு இருக்கப் போறியா? கேட்டது ஒரு பாவம். மூடினு இருந்தா எட்டுப் பாவம்.”

கிளம்புவதற்கு முந்தின நாள், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது டிரைவரைக் கேபினுக்குள் அழைத்து, மாலையிலிருந்து கேமராவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். “இன்னா நைனா, பட்டனா?” என்றார். அது என்ன என்பதையும், அதில் என்ன கேட்டேன் என்பதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேமராவை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“அம்மாகிட்ட சொன்னா அம்மாகிட்டயே இருக்கும்னு நெனச்சேன் நைனா.”

அந்த முறை வேறு டிரைவர் போட்டை எடுத்துப் போனார். உன் இடம் உனக்குத்தான் அண்ணாத்த என்று நான் சொன்னதை அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது, சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். இப்போது தூரத்துக் கப்பலை முதலில் பார்ப்பவர் அவர்தான். கேமராவால் வந்த நன்மை இது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கேமரா விஷயம் எல்லா ஆட்களுக்கும் தெரிந்துவிட்டது. கேபினில் இப்போது யாரும் அம்மனிடம் வாய் திறப்பதில்லை. ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகும், மாலையை விரலால் தடவிப் பார்க்காமல் ஒருத்தரும் சட்டையைக் கழற்றுவதில்லையாம். கிளம்பும்போது டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு, போட்டின் முன்முனைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார். நான் கரையில் நிற்கிறேன். உதடு அசைவது தெரிகிறது, இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்.