பென் டிரைவில் போன நாலு பேர்

நான் கோபக்காரி என்று ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கஸ்டமரைத் திட்டியிருக்கிறேன், சப்ளையரைத் திட்டியிருக்கிறேன். பெரும்பாலும் மறுநாள் மறந்துபோகும். ஒரு புதன்கிழமைக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், முக்கியமாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவர்கள், தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இதில் திட்டு வாங்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒரு அரசு அலுவலகத்து ஹெட் கிளார்க். இன்னொருவர் நான்.

1. வைரஸ் வராத மெஷின்

எனக்குக் கடலாடிப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டிப்ளமோ முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடை வைத்தேன். 2008 வாக்கில் என்னிடம் வந்த மெஷின்களில் பாதி, வைரஸ் பிடித்து வந்தவை. எல்லாம் விண்டோஸ். எவனோ திருட்டு சிடியில் போட்டுக் கொடுத்திருப்பான். அதற்குக் காவலாக ஒரு திருட்டு ஆன்டிவைரஸ். அது ஒரு மாதம் ஓடும், பிறகு மூலையில் சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும்.

பாம்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மீனவர் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொண்டது ஆரோக்கியமேரி. முப்பது வயது இருக்கும். சங்கத்தில் உள்ள ஒவ்வொரு வள்ளத்தின் நம்பர், நிறம், அதில் போகிறவர்களின் பெயர், வயது, போட்டோ எல்லாம் அந்த மெஷினில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வைரஸ் வந்து எல்லாம் போகும். மேரி உட்கார்ந்து முதலிலிருந்து டைப் அடிப்பாள். மூன்றாவது தடவை என்னிடம் வந்தபோது, விண்டோஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

மேரி ஸ்கிரீனை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பார்த்தாள்.

"ஆன்டிவைரஸ் எங்கனக்கா இருக்கு?"

"இதுக்கு அது வேணாம்மா. இதுல வைரஸ் வராது."

"வரவே வராதா?"

"வராது. யாரு பென் டிரைவா இருந்தாலும் பயப்படாம சொருகு."

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அப்போது ஊரில் சுற்றிய வைரஸ் எல்லாமே விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் அவை ஓடாது. இன்டர்நெட்டில் புதிதாக வந்த யாராவது "லினக்ஸுக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்டால், எங்களைப் போன்ற ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து கேலி செய்வோம். நானும் கேலி செய்திருக்கிறேன். அது ஒரு திமிர். வேறு வார்த்தை கிடையாது.

மேரி நான் சொன்னதை அப்படியே நம்பினாள். போட்டோ ஸ்டுடியோக்காரரின் பென் டிரைவ், பிரவுசிங் சென்டரின் பென் டிரைவ், கோயில் திருவிழாப் பாட்டு இருந்த பென் டிரைவ், எல்லாவற்றையும் சொருகினாள். சங்கத்தின் பென் டிரைவும் ஊரெல்லாம் போய் வந்தது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதம் எனக்கு ஒரு புகாரும் வரவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

2. ஒரே பெயரில் இரண்டு

ஒரு நாள் மேரி போன் செய்தாள்.

"அக்கா, பென் டிரைவுல 'படகுகள்'னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேன்ல? இப்ப அதே பேருல இன்னொண்ணு இருக்கு. பின்னாடி exe-னு போட்டுருக்கு. அழிக்கவா?"

எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு வைரஸ் ரகம் இருந்தது. பென் டிரைவில் உள்ள உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு தான் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் மெஷினில் பார்க்கிறவருக்குப் போலி மட்டும்தான் தெரியும். ஃபோல்டர் என்று நினைத்து அமுக்கினால் வைரஸ் ஓடத் தொடங்கும். லினக்ஸில் அந்த மறைப்பு வேலை செய்யாது. அசலும் தெரியும், போலியும் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது விண்டோஸ் வைரஸ்மா. உன் மெஷின்ல அது செத்த பாம்பு. கண்டுக்காத" என்றேன்.

அழிக்கவா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இலவசமாகக் கிடைக்கிற, வைரஸ் தேடுகிற ஒரு ஸ்கேனரை அந்த லினக்ஸிலேயே போட்டு, பென் டிரைவைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கால் மணி நேர வேலை. எனக்குக் கையில் வேறு மெஷின் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

3. புதன்கிழமை

அதற்கு மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை சாயங்காலம் கடலுக்குப் போன ஒரு வள்ளம் செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பவில்லை. நாலு பேர். அதில் ஒருவன் மேரியின் தம்பி அந்தோணி. வயதில் மூத்தவர் சேவியர். செவ்வாய் முழுக்க ஊர்க்காரர்கள் தங்கள் வள்ளங்களில் தேடினார்கள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் ரொம்ப தூரம் போக முடியவில்லை. பெரிய படகு வைத்து அரசு தேடினால்தான் உண்டு என்று, புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மேரி ராமநாதபுரம் வந்தாள். போக வேண்டிய அலுவலகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காணாமல் போன படகு விவரத்தை அங்கே கொடுத்தால்தான், அங்கிருந்து ரோந்துப் படகுகளுக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும்.

விவரங்களை மேரி பேப்பரிலும் எழுதி வைத்திருந்தாள். ஹெட் கிளார்க் பேப்பரைத் தொடவில்லை. சாஃப்ட் காப்பி வேண்டும், போட்டோவோடு மெயிலில் அனுப்ப வேண்டும் என்றார். மேரி பென் டிரைவைக் கொடுத்தாள். அவர் சொருகினார். மஞ்சள் நிறத்தில் 'படகுகள்' தெரிந்தது. அமுக்கினார்.

பதினொரு மணிக்கு மேரி எனக்கு போன் செய்தாள். பின்னால் ஒருவர் கத்துவது கேட்டது.

"அக்கா, நீங்க குடுத்த மெஷின்ல இருந்து வைரஸ் வந்துருச்சாம். அவுக கம்ப்யூட்டரு நின்னுபோச்சு. என்னையத் திட்டுறாக. கொஞ்சம் வாங்கக்கா."

கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. போனேன். ஹெட் கிளார்க்கின் மெஷின் மட்டுமில்லை, அதோடு கேபிளில் இணைந்திருந்த இன்னும் இரண்டு மெஷின்களும் திணறிக்கொண்டிருந்தன. அவர்களுடைய ஆன்டிவைரஸ் காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"நீதான் லினக்ஸ் போட்டுக் குடுத்த ஆளா? ஆன்டிவைரஸ் இல்லாம மெஷின் குடுப்பியா? இப்ப ஆபீஸே நிக்குது, பாத்தியா?"

"சார், அது அப்புறம் பேசுவோம். கடல்ல நாலு பேரு இருக்காங்க. இந்தப் பேப்பர்ல எல்லாம் இருக்கு. போன்ல சொல்லுங்க."

"போன்ல சொன்னா ரெக்கார்டு ஆகாது. ஃபார்மட்ல மெயில் போகணும். கம்ப்யூட்டர் சரியானாத்தான் மெயில் போகும்."

"நான் சரி பண்ணிக் குடுத்தா அனுப்புவீங்களா?"

"பண்ணு. அப்புறம் பாக்கலாம்."

இந்த இடத்தில்தான் நான் செய்த பெரிய தப்பு. சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டிய ஆளிடம் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மெஷின் சரியில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கடைக்கு ஓடி லினக்ஸ் சிடியை எடுத்து வந்தேன். மூன்று மெஷினும் சுத்தமாகும் வரை ஒன்றிலிருந்து ஒன்று தொற்றக் கூடாது என்று கேபிளைப் பிடுங்கினேன். சிடியிலிருந்தே பூட் செய்து ஸ்கேன் ஓட்டினேன். பழைய மெஷின், ஆமை வேகம். நடுவில் கரன்ட் வேறு போனது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது மெஷினின் சிபியுவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது மணி ஒன்றே முக்கால்.

அதுவரை மேரி அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஹெட் கிளார்க் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் குனிந்து என்னிடம் சொன்னாள்.

"அக்கா, மெஷின விடுங்க. நாலு பேரு பேர யாருகிட்டயாச்சும் சொல்லுங்க."

குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தேன். பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு, மேரியையும் இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஹெட் கிளார்க் "ஏம்மா, ஏம்மா, மீட்டிங் நடக்குது" என்று பின்னாலேயே வந்தார். கதவைத் தள்ளினேன். உள்ளே பெரிய அதிகாரி, கூட ஏழெட்டுப் பேர்.

"சார், நேத்துக் காலையில வர வேண்டிய வள்ளம் இன்னும் வரல. நாலு பேரு. காலையில பத்து மணியில இருந்து இந்தப் பொண்ணு கீழ நிக்குது. பேர எழுதிக்கிற ஆளு உங்க ஆபீஸ்ல இல்ல."

என் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அதிகாரி மேரியைப் பார்த்தார். "சொல்லும்மா" என்றார். மேரி பேப்பரைப் பார்க்கவே இல்லை. வள்ளத்தின் நம்பர், நீல நிறம், மஞ்சள் பட்டை, நாலு பேர், நாலு வயது, எந்தத் திசையில் போனார்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பது வரை மனப்பாடமாகச் சொன்னாள். அவர் ஒரு ஃபைலின் பின்பக்கத்தில் எழுதினார். போனை எடுத்தார். இரண்டு இடங்களுக்குப் பேசினார். எல்லாம் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

4. விரல்கள்

ரோந்துப் படகு மூன்று மணிக்குக் கிளம்பியது. இருட்டும் வரை தேடிவிட்டுத் திரும்பிவிட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் மறுபடி போய், தனுஷ்கோடிக்குத் தெற்கே வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். இன்ஜின் நின்றுபோனதால் மிதந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நின்ற இன்ஜினைக் கிளப்பப் போன சேவியரின் வலது கையை ஹேண்டில் திருப்பி அடித்திருக்கிறது. மூன்று விரல் நசுங்கி, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, அழுகத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள்.

"முந்தின நாளே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ண நிச்சயமா காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

ஒரு விரல். புதன்கிழமை பகல் முழுக்க வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அந்த அலுவலகம் ஃபார்மட்டுக்காகக் காத்திருந்தது, நான் ஸ்கேன் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அந்த அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் கணினியில் ஆன்டிவைரஸ் நிறுவப்படாததே தாமதத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தார்கள். காலாவதியான அவர்களுடைய ஆன்டிவைரஸ் பற்றி ஒரு வரி இல்லை. மேரி கையில் இருந்த பேப்பரைப் பற்றியும் இல்லை. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதி, மேரியிடம் படித்துக் காட்டினேன். லினக்ஸுக்குள் வைரஸ் ஓடாது என்பதை விவரமாக விளக்கியிருந்தேன்.

மேரி முழுக்கக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிக்கா. நம்ம மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க, ஒண்ணும் ஆகல. நம்மகிட்ட வாங்குறவுக மெஷினுக்கு என்ன ஆகும்னு ஏன் சொல்லல?"

 மூன்று பக்கத்தையும் கிழித்தேன். வேறொரு தாளில் புதிதாக எழுதினேன். பென் டிரைவில் வைரஸ் இருந்தது என் அஜாக்கிரதை என்று முதல் வரியில் ஒப்புக்கொண்டேன். உயிர் சம்பந்தப்பட்ட தகவலைப் பேப்பரிலோ போனிலோ வாங்க மறுத்தது யார் என்று இரண்டாவது வரியில் பெயர் போட்டுக் கேட்டேன். மூன்றாவது வரி எழுதத் தேவைப்படவில்லை. கீழே நானும் மேரியும் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை. அந்த ஹெட் கிளார்க் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

சேவியரைப் பார்க்கப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல. அவர் சொல்லவில்லை.

"இந்தக் கைய வச்சு இனி வல இழுக்க முடியாது, தாயி" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சொன்னதுதான் நியாயம்.

சங்கத்து மெஷினில் அன்றே ஸ்கேனர் போட்டேன். எந்த பென் டிரைவை எடுத்துப் போவதற்கு முன்னாலும் ஸ்கேன் செய்யவும், போலி ஃபோல்டரை அடையாளம் கண்டு அழிக்கவும் மேரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்த கீழக்கரை, திருவாடானை கஸ்டமர்கள் எல்லோரிடமும் ஒவ்வொருவராகப் போய் அதையே செய்தேன். ஒரு மாதம் ஆனது.

இப்போதும் புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள், "இதுக்குத்தான் வைரஸ் வராதே மேடம், ஆன்டிவைரஸ் எதுக்கு?" என்று. சில சர்வீஸ் ஆட்களே என் காது கேட்க அதைச் சொல்கிறார்கள். எனக்கு உடனே கோபம் வருகிறது. கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அவர்கள் கையில் இருக்கிற பென் டிரைவைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

"இது இங்கன இருந்து அடுத்து எங்கன போகும்?"