கஸ்பர் ஏன் மேடையை விட்டு இறங்கினார்

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் புருசன்மார் ஏச்சு வாங்குவதற்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. கல்யாணங்களில் பாடுகிற எங்கள் கஸ்பர்தான் அந்தக் காரணம். மனுசன் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கி, மைக்கோடு கூட்டத்துக்குள் நடந்துபோய், பெண்சாதி சுகிர்தத்தின் முன்னால் நின்று, அவர் முகத்தையே பார்த்துப் பாடி முடிக்கிறாராம். ஐம்பது வயதிலும் அவ்வளவு ஆசையாம். ராகலைக் கல்யாணத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகிர்தம் அழுதே விட்டாராம்.

"கஸ்பர் அண்ணனும் ஒரு ஆம்பள, நீங்களும் ஒரு ஆம்பள!" என்று தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சண்டை.

இதில் மேடையை விட்டு இறங்கியது உண்மை. மற்றதெல்லாம் சனம் போட்ட மசாலா. நான் அடுத்த காம்பராக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். அந்தப் பலகைக்குக் காது உண்டு. உள்ளதைச் சொல்கிறேன்.

கஸ்பருக்குக் குரல் தேன். ஞாபகம் ஓட்டை வாளி. பல்லவி இனிக்க இனிக்க வரும்; சரணம் வந்தால் பேயறைந்த மாதிரி நின்றுவிடுவார். தாளைப் பார்த்துப் பாடலாம் என்றால் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடுமாம். சுகிர்தம் நேர்மாறு. ஒருமுறை கேட்ட பாட்டை மறக்க மாட்டார். கல்யாணமான புதிதில் கஸ்பர் சொன்ன பொய்களைக்கூட இன்றைக்கும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்.

வயர் மைக் இருந்த காலத்தில் கஸ்பர் அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்களில் நடுப்பாட்டில் ஊமையாக நின்றார். இசைக்குழு நடத்துகிற கஜேந்திரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ இப்படி நின்னீங்கன்னா, அண்ணே, நீங்க ஸ்பீக்கர் பொட்டி தூக்க மட்டும் வாங்க. பாட வேணாம்."

அன்றிரவு கஸ்பர் சோறு தின்னவில்லை. பாட்டை விட்டால் அந்த மனுசனுக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து கஜேந்திரன் கோட்லெஸ் மைக் வாங்கினார். வயர் இல்லை, எங்கேயும் நடக்கலாம். சுகிர்தத்துக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது.

இருவருக்கும் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை. கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே எல்லாரும் ஒருவர் வாயசைப்பை ஒருவர் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர்களுடைய காதல் தொடங்கியதும் அப்படித்தான், முதல் சண்டையும் அப்படித்தான். ஆகவே சுகிர்தம் கூட்டத்தில் இருந்து அடுத்த வரியைச் சத்தமில்லாமல் வாயசைப்பார், கஸ்பர் அதைப் பிடித்துப் பாடுவார். மேடை விளக்கு கண்ணில் அடித்தால் கீழே எல்லாம் இருட்டு. முன் வரிசையோ சொந்தக்காரருக்கு. அதனால்தான் கஸ்பர் இறங்கி நடக்க வேண்டியிருந்தது.

சனம் அதைக் காதல் என்றது. கஜேந்திரன் ஸ்டைல் என்றார். கஸ்பர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

அப்புறம் ராகலைக் கல்யாணம். கஸ்பர் பல்லவி தொடங்கியதும் பொண்ணின் அம்மா வந்து, "வாங்கக்கா, மொத பந்தி" என்று சுகிர்தத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டேன் என்றால் விடுகிற ஆளா அது? கஸ்பர் இறங்கி வந்து பார்த்தால் நாற்காலியில் யாருடையதோ ஒரு ஹேண்ட்பேக்.

மறுபடியும் பல்லவி பாடினார். மூன்றாவது தடவையும் பாடினார். மேடையில் கஜேந்திரனின் புருவம் ஏறியது. கஸ்பர் வருகிறவர் போகிறவரைப் பார்த்துச் சிரித்தபடி, இதுவும் பாட்டில் ஒரு பகுதிதான் என்பதுபோல, பக்கக் கதவு வழியாகச் சாப்பாட்டு ஹோலுக்கு நடந்தார். சுவரைத் தாண்டியதும் மைக் கர்ர்... கர்ர் என்றது. ரிசீவர் பெட்டி மேடையில் அல்லவா இருக்கிறது! ஓர் அடி பின்னால் வைத்தார், குரல் வந்தது. வாசற்படிதான் எல்லை.

தூரத்து மேசையில் சுகிர்தம். வாய் நிறைய மஞ்சள் சோறு, கையில் கோழிக்கால்.

"சரணம்!" என்று கஸ்பர் வாயசைத்தார்.

"சாப்புடுறேன், தெரியல?" என்று சுகிர்தம் வாயசைத்தார்.

கஸ்பர் நான்காவது தடவை பல்லவியைப் பாடினார். இந்தத் தடவை குரலில் உண்மையான அழுகை இருந்தது. சுகிர்தத்துக்கு மனசு கேட்கவில்லை. வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினார். கறி உறைப்பு புரையேறிக் கண்ணீர் கொட்டியது. கொட்டக் கொட்ட வரி வரியாக எடுத்துக் கொடுத்தார். கஸ்பர் ஒரு சொல் தவறாமல் பாடி முடித்தார்.

"பாருங்கடி, அழுவுறாங்க!" என்று பந்தியில் பெண்களெல்லாம் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். கஜேந்திரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"இனிமே எல்லாக் கல்யாணத்துலயும் சாப்பாட்டு ஹோல் வரைக்கும் போங்கண்ணே!"

கஸ்பருக்குப் பாட்டு நிலைத்தது. சுகிர்தத்துக்கு இப்போது எந்தக் கல்யாணத்திலும் முன் வரிசை நாற்காலி. சாப்பாடு மட்டும், பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான்.

போன ஞாயிறு பைப்படியில் எங்கள் லயத்து மீனம்மா கஸ்பரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பொஞ்சாதிய எப்படிப் பார்க்கணும்னு எங்க வீட்டு மனுசனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

கஸ்பர் வாளியை நங்கென்று கீழே வைத்தார்.

"நான் எங்க அவ மொகத்தப் பார்த்தேன்? வாயத்தான் பார்த்தேன். எனக்குப் பாட்டு மறந்துபோச்சு, அவ எடுத்துக் குடுத்தா. அழவும் இல்ல ஒண்ணும் இல்ல, கோழிக்கறி பொரையேறிருச்சு. போயி ஒங்க மனுசனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுங்க, போங்க!"