தோண்டாத வரிசை

இழுத்தும் வரவில்லை. வேணு மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து, புல்லின் தூரை இரு கைகளாலும் கட்டிப் பிடித்து மல்லாந்து விழும்படி இழுத்தான். மணல் விட்டுக்கொடுத்தது. வேர் வந்தது, ஓர் ஆள் நீளம். வரிசையின் கடைசித் தூர் அது. மற்றவை ஏற்கெனவே கரையில் கிடந்தன.

"ஏமே, இங்க வந்து பாரு!"

அவன் மனைவி பவுனம்மாள் பழவேற்காட்டில் கருவாடு விற்றுவிட்டு அப்போதுதான் படகைவிட்டு இறங்கியிருந்தாள். தலையில் கூடை.

"கோட்டை சன்னலுக்கெல்லாம் தட்டி வோணும், வேரு பத்தலன்னு யாவாரி மரைக்காயரு ஆளு கத்திட்டுப் போனான் இல்ல? நீ இந்த வரிசைய மட்டும் உட்டு உட்டு வெச்சிக்கினு கீற. இன்னாத்துக்கு? நண்டுக்கு நெழலா?"

சொல்லிவிட்டு வேணு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்துக்கு வெட்டிவேரைக் கொண்டுவந்தவள் அவள். ஆரம்பாக்கத்து நெல் விவசாயி மகள். கல்யாணத்துக்கு மறுவாரம் ஈரச்சாக்கில் நாற்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். "ஏரில புல்லு மேய்க்க வந்துட்டாடி" என்றார்கள் பெண்கள். மணலில் அது நன்றாக வந்தது. முற்றிய தாளை ஆடு தொடாது. அறுத்தால் கூரைக்கு ஆகும். விதை விழுந்து முளைக்காது, வைத்த இடத்தைவிட்டு நகராது. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே போகும். மாசியில் தோண்டி, வேரை அறுத்து அலசி நிழலில் காயவைத்து, விசிறியும் தட்டியும் கட்டுவாள். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில், டச்சுக்காரர்களுக்கு வெயில் தணிய, கோடை முழுக்க அந்தத் தட்டிகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். சாண் அளவு வேரோடு தூரைப் பிரித்து நட்டால் மறுபடி புல்.

ஏரிப் பக்கத்து வரிசையை மட்டும் அவள் தோண்டியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், வேணு கப்பல் கூலியாக நாகப்பட்டினம் போயிருந்தபோது, மகள் பொன்னி காய்ச்சலில் செத்தாள். பிள்ளைகளை எரிக்கமாட்டார்கள். புதைத்த இடத்தை வெளியே சொல்லவும் மாட்டார்கள், தகப்பனுக்கும்கூட. சொன்னால் அடுத்த பிள்ளையும் அந்த வழி போகும் என்பது ஊர்ப் பயம். ஏரியோ ஒவ்வொரு ஐப்பசியிலும் கரையைத் தின்னும். மண்ணைப் பிடிக்க அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். புதைத்த இடத்தில் வெட்டிவேரை வரிசையாக நட்டாள்.

வேணு ஊர் திரும்பியபோது, "போய்ட்டாய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் வேரை உதறினான். சிக்கலுக்குள் கறுப்பாக ஏதோ மாட்டியிருந்தது. விரலால் விலக்கினான். சின்னக் கண்ணாடி வளையல். அதன் நடுவே வேர் புகுந்து தடித்திருந்தது. கப்பலேறும் முன் பழவேற்காட்டில் பொன்னிக்கு அவன் வாங்கித் தந்தது.

"மே."

அவள் கூடையை இறக்கினாள்.

"நீ சொல்லவே இல்லியே."

"சொல்லக்கூடாதுய்யா."

"நானும் கேக்கல."

குழிக்குள் அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். மணல்தான். கைகளால் தள்ளி மூடினாள். அவன் தூரை வேரும் வளையலுமாக அப்படியே திரும்ப நட வந்தான்.

"உடு. நீள வேரோட வெச்சா மடிஞ்சி அழுகிடும். அறுக்கணும்."

"இத்தயா?"

"அறுத்தாத்தான்யா புடிக்கும்."

கரையில் கிடந்த அரிவாளை எடுத்தான், அவனால் முடியவில்லை. அவளே அரிவாளை வாங்கி ஒவ்வொரு தூராகச் சாண் விட்டு அறுத்து மறுபடி நட்டாள். வளையல் இருந்த வேரை மட்டும் தனியே வெட்டி, உடையாமல், நாற்றுக்கு அடியில் வைத்து மண் தள்ளினாள்.

"ஐப்பசிக்குள்ள புடிச்சிடுமா?" என்றான்.

"ஒரு வருஷம் ஆவும்."

இருட்டும்வரை இருவரும் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

மறுநாள் வேணு வலைக்குப் போனான். பவுனம்மாள் அறுத்த வேரை அலசி நிழலில் பரப்பினாள். மத்தியானம் மரைக்காயரின் ஆள் உமர் படகில் வந்தான். ஒரு பிடி எடுத்து முகர்ந்தான். இவ்வளவு நீள வேரை இந்தக் கரையில் பார்த்ததில்லை, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். காய்ந்ததும் எடுத்துப்போக வருவதாகச் சொல்லிப் போனான். சாயங்காலம் வேணு இறாலோடு வந்தான். அவள் குழம்பு வைத்தாள்.