அன்ரனிப்பிள்ளை மாமா துப்பவில்லை

என் அம்மாவின் தம்பி அன்ரனிப்பிள்ளை இருபது வருடம் நாக்கை வைத்துப் பிழைத்தவர். சிலாபத்துக்குத் தெற்கே தென்னந்தோட்டங்களில் இறக்கும் கள்ளைச் சாராய வடிசாலைக்கு வாங்கும் லொறியில் போவார். ஒவ்வொரு கள்ளு முட்டியிலும் ஒரு வாய் வைத்து, எதில் தண்ணீர் கலந்திருக்கிறது, எது நேற்றையது என்று சொல்வதுதான் வேலை. ஒருநாள் வீட்டு வாசலில், லொறிக்குப் பக்கத்திலேயே இரத்த வாந்தி எடுத்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு மிடறும் ஆகாது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். அந்த வருடம் தலவிலக் கோயில் திருவிழாவில் முழங்காலில் நின்று, சாகும்வரை கள்ளும் சாராயமும் தொடுவதில்லை என்று புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டார். ஏழு வருடம் காப்பாற்றினார்.

அந்த ஏழு வருடமும் நான் ஊரில் இல்லை. ஓரிடத்திலும் நிற்க முடியாமல் திரிந்து, கடைசியாக நியூசிலாந்தின் தெற்கே குளிர் மலைச்சரிவொன்றில் திராட்சை பறித்தேன். புறப்படும்போது தோட்டக்காரர் தன் தோட்டத்து வைனில் விதத்துக்கு ஒன்றாக ஆறு போத்தல் தந்தார், உன் ஊர் விடுதிகளில் யாராவது வாங்குவார்களா என்று பார்க்கச் சொல்லி.

கண்டக்குழியில் வெள்ளைக்காரர் தங்கும் கடற்கரை விடுதிக்குக் கொண்டுபோனேன். மாமா அங்கேதான் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மஹ்ரூப் போத்தல்களைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றார்.

"முதலாளி என்னைத் தெரிஞ்செடுக்கச் சொல்றார். நமக்கு ஹராம் புள்ள, மணக்கவும் மாட்டன். அன்ரனி அண்ணன் ஈக்கிறாரே, அவர்ட நாக்குக்கு என்ன கொறை?"

மாமாவின் ஈரல் கதை மஹ்ரூப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் திராட்சை மலையில் எல்லோரும் வைனை வாயில் வைத்து உருட்டிவிட்டு வாளியில் துப்புவதைத்தான் இரண்டு வருடம் பார்த்திருந்தேன். துப்பினால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஒரு வாளியையும் எடுத்து வைத்தேன்.

மாமா வாளியைப் பார்த்தார். பிறகு என்னை.

"இதுக்குள்ள துப்பச் சொல்றியோ?"

"ஓம் மாமா. விழுங்கத் தேவையில்ல."

"கோயில்ல பூசை வைன் ஒரு சொட்டுச் சிந்தினாலும் சுவாமியார் அந்தத் துணியக் கழுவி, கழுவின தண்ணியையும் காலில மிதிபடாத மண்ணிலதான் ஊத்துவார். நான் வாளிக்குள்ள துப்புறதோ?"

"இது பூசையில வைச்சதில்ல மாமா."

"வைக்கமுதல் அதுவும் போத்தல்லதானே இருந்தது."

"அப்ப விழுங்கினா ஒண்டும் செய்யாதோ அண்ணே?" என்றார் மஹ்ரூப்.

"கள்ளும் சாராயமும்தான் நேர்ந்தனான். இதைச் சுவாமியாரே காலமைப் பூசையில வெறுவயித்தில எடுக்கிறார்."

மஹ்ரூப் சிரித்தார். நான் கிளாஸைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்த நாக்கு என்ன சொல்லும் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

முதல் வெள்ளை வைனை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. "வெயில் குறைஞ்ச இடம். காய் பயந்து பயந்து பழுத்திருக்குது."

இரண்டாவதும் இறங்கியது. "அதே கொடிதான். ஆனா மேல நிண்டது, காத்து அடிச்சிருக்கு." போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். சரிவின் உச்சிக் காணி என்றுதான் இருந்தது.

மூன்றாவதில், மழை விழமுன் உப்பளத்திலிருந்து வரும் மணம் என்றார். நான்காவதை மரப் பீப்பாயில் போட்டு மறந்துவிட்டார்கள் என்றார்.

"அங்க மறந்ததெல்லாம் புடிக்கிறீங்க. காலமை செவ்வரத்தைக்குத் தண்ணி ஊத்த மறந்தீங்களே," என்றார் மஹ்ரூப்.

மாமாவின் கண் அடுத்த போத்தலில் இருந்தது. வெளியே தென்மேற்குக் காற்று மணலை அள்ளிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவதை எடுத்தபோதுதான் கவனித்தேன்: வாளி காய்ந்தே கிடந்தது.

ஆறாவது சிவப்பு. குடித்தார். கிளாஸை நீட்டினார்.

"இன்னொருக்கா ஊத்து. பிடிபடேல்ல."

அந்த நாக்குக்கு ஒன்று பிடிபடாமல் போனதாக நான் கேள்விப்பட்டதேயில்லை. ஊற்றினேன். அதன் பிறகும் ஒருமுறை ஊற்றினேன்.

மஹ்ரூப் வாங்குவதற்கு முதலாவதையும் மூன்றாவதையும் குறித்துக்கொண்டார். "இனிக் கொழும்பிலேருந்து மாசம் மாசம் புதுசு வரும் அண்ணே. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"ஓம், ஓம்," என்றார் மாமா. மஹ்ரூப்பின் வாக்கியம் முடியுமுன்பே சொல்லிவிட்டார்.

பின்னேரம் இருவரும் மணல் வழியே வீட்டுக்குப் போனோம். அனஸ்தாசியா மாமி முற்றத்தில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தா. மாமா அவவைத் தாண்டி, மூச்சைப் பிடித்தபடி உள்ளே போனார். மாமி கையை உதறிவிட்டு எழும்பி அவர் பின்னால் போனா. மாமி ஏசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவவின் கையில் மாமாவின் கிளினிக் கொப்பி இருந்தது. என் மடியில் வைத்தா.

"வாற திங்கள் காலமை ஆறு மணி பஸ். இனி நீ கூட்டிக்கொண்டு போ."

"மாமி, நான் நினைச்சது..."

"லொறியடியில கிடந்தவரைத் தூக்கினது நான். இரத்தம் கழுவினதும் நான். இன்னொருக்காக் கழுவ எனக்கு ஏலாது, பிள்ள."

மறுபடி குந்தி மீனைக் கையில் எடுத்தா. உள்ளிருந்து மாமா என்னைக் கூப்பிட்டார். குரல் இதமாக, நல்ல குஷியாக இருந்தது.

"பிள்ள, அந்த ஆறாவது போத்தல்ல மிச்சம் கிடந்ததே? அதை அங்கயோ விட்டிட்டு வந்தனி?"