தண்ணீர்த் தொட்டியடிச் சதுரம்

மாதேஸ்வரி டீச்சர் மாரடைப்பில் போய்விட்ட செய்தி, காலை ஏழு மணிக்கு எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், ஃபேஸ்புக்கில் பழைய மாணவர்களின் இரங்கல் நின்றபாடில்லை. நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகே வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு நான் அறிவியல் எடுத்தேன், 'ஆ' பிரிவுக்கு அவர். சூழ்நிலை மண்டலம் பாடத்துக்கு நான் வண்ண வண்ணமாக உணவு வலை வரைந்து சார்ட் மாட்டுவேன். அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு வேப்பங்குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டர் சதுரம் பிடித்திருந்தார். வாரம் ஒரு நாள் பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தி, புல், பூச்சி என்று கண்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதுவார்கள். தேதி, கண்டது, காரணம் என்று மூன்று கட்டங்கள். "காரணம் தெரியலன்னா காலியா வுடுங்க. புளுகி நெரப்பாதீங்க" என்பார். என் வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியே அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. வளாகத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. முந்தின நாள் மாலை, துப்புரவு வேலை பார்க்கும் சின்னபொண்ணு அக்காவிடம் தொட்டியடிப் புல்லையும் செதுக்கச் சொன்னேன்.

"அது மாதேஸ்வரி டீச்சர் எடமாச்சுங்களே?"

"செதுக்குங்கக்கா. நான் சொல்லிக்கறேன்."

நான் சொல்லவில்லை. காலையில் வெறும் மண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்கள். மாதேஸ்வரி டீச்சர் குச்சிகளை மறுபடி நட்டு, கயிற்றைக் கட்டினார். "யாரு செஞ்சாங்கன்னு அப்பறம் பாக்கலாம். இப்ப எது மொதல்ல திரும்பி வருதுன்னு பாருங்க" என்றார்.

வந்த அதிகாரி என் சார்ட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டை மண்ணைச் சுற்றிக் குந்தியிருந்த பிள்ளைகளோடு தானும் குந்திவிட்டார். மதியம் மாதேஸ்வரி டீச்சர் வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து, களியில் பாதியைப் பிட்டு என் டப்பா மூடியில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

காரிமங்கலம் பக்கம் அவர் ஊரில் சாவு எடுப்பு. அங்கே சின்னபொண்ணு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு செதுக்கச் சொன்னாங்கன்னு அவங்க அன்னிக்கே எங்கிட்டக் கேட்டாங்க டீச்சர், நீங்கன்னு சொல்லிட்டனுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க" என்றார். என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது 'ஆ' பிரிவும் என்னிடம். அவருடைய நோட்டும் கயிறும் என்னிடம். போன வாரம் நோட்டைப் புரட்டிய ஒரு பெண் பழைய பக்கம் ஒன்றைக் காட்டினாள். கண்டது: சதுரம் செதுக்கப்பட்டிருக்கிறது. காரணம் என்ற கட்டம் காலி.

"இது மட்டும் ஏன் டீச்சர் இன்னும் காலியா கெடக்குது?"

பேனாவை வாங்கி, 'என் பொறாமை' என்று எழுதி, என் பெயரையும் எழுதினேன். அவள் படித்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"பிந்தி எழுதுனா, எழுதற அன்னிக்குத் தேதியப் போடணுங்க. மாதேஸ்வரி டீச்சர் சொல்லிருக்காங்க."

அன்றைய தேதியைப் போட்டேன்.