தலைகீழாய் நின்ற விளக்குமாறு

என் மகள் இப்போது வாசிக்கும் பிரெஞ்சு நாவல்களில் இத்தாலியச் சூனியக்காரிகள் எல்லோரும் அழகிகள். மூலிகை அறிந்தவர்கள், காதலும் செய்கிறார்கள். நான் சிறுவயதில் கேள்விப்பட்டவளோ தொட்டில் பிள்ளையைத் தேடி வருகிறவள்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி, இத்தாலிக்கார அம்மா, தனியாக இருந்தார். தம்பி பிறந்த தீட்டை, துடக்கை, கழிக்கிற நாள். வீடெல்லாம் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயர் வருவார் என்று அம்மா கதவைத் திறந்தால், நிலையில் சாய்ந்தபடி தலைகீழாய் ஒரு விளக்குமாறு!

நல்ல காரியத்துக்குப் போகையில் விளக்குமாறு எதிர்ப்பட்டாலே திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

“வீட்டுக்காரி எங்களைக் கூட்டித் தள்ளுறா! இஞ்சாருங்கோ, வேற வீடு பாருங்கோ. பச்சைப்பிள்ளையோட இனி இஞ்சை இருக்கேலாது.”

“இஞ்சரும், அவசரப்படாதையும். கேட்டுப் பாப்பம்” என்றார் அப்பா.

கேட்பதற்குப் பிரெஞ்சு தெரிந்தது வீட்டில் எனக்கு மட்டும்தான். வீடு மாறினால் பள்ளிக்கூடமும் மாறுமே என்று எனக்குக் கவலை. அதற்குள் அம்மாவின் சத்தம் கேட்டு வீட்டுக்காரியே படியேறி வந்துவிட்டார். நான் கேட்டேன். அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

“சூனியக்காரி வருவாளாம். வாசலிலை விளக்குமாறைக் கண்டால் தும்புகளை ஒண்டொண்டா எண்ணாமல் உள்ளுக்கு வரேலாதாம். எண்ணி முடியமுன்னம் விடிஞ்சிடுமாம், ஓடிடுவாளாம். தம்பிக்குக் காவலாம்.”

அம்மா விளக்குமாற்றின் தும்பை விரலால் விரித்துப் பார்த்தார். பிறகு, “அவளுக்கு எண்ணத் தெரியாட்டி என்ன செய்யிறதாம்? கேள்” என்றார்.

கேட்டேன். அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பிழைவிட்டால் திரும்ப முதலிலையிருந்து எண்ணவேணுமாம். அது இன்னும் நல்லதாம்.”

அம்மாவும் சிரித்துவிட்டார். “உள்ளுக்கு வரச் சொல்லு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்.”

ஐயர் வந்தபோது விளக்குமாறு அங்கேயே நின்றது. பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போனார். கிரியை முடிந்ததும் அம்மா தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினார். அப்படியே வாசலுக்குப் போய், விளக்குமாற்றின் பிடியிலும் மூன்று குறி இழுத்துவிட்டார்.

அம்மாவே சூனியக்காரியை நம்பிவிட்டார் என்று நினைத்து நான் பல நாள் பயந்து படுத்தேன். அந்தப் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்கவோ, தம்பிக்குக் கண்ணூறு நாவூறு கழிக்கவோ ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. தன் பிள்ளைக்காகத் தன்னோடு சேர்ந்து பயப்பட ஒருத்தியை முருகன் கீழ்வீட்டிலேயே வைத்திருந்தான் என்று அம்மா அன்று கண்டுகொண்டது எனக்கு அப்போது விளங்கவில்லை.